இருவருக்கும் நீந்தத் தெரியும்

பெருந்துறையில் மோட்டார் கடை வைத்திருந்த ஈஸ்வரமூர்த்தி கடலைப் பார்த்ததே ஒரு கல்லூரிச் சுற்றுலாவில்தான். அவர் நாற்பத்தாறு வயதில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள இலங்கைக்குப் போகத் திட்டம் போட்டார். காரணம் அவர் மனைவி கலாமணி.

டிவியில் ஒரு பெண் அலைமேல் நின்று வருவதைப் பார்த்து, "ஒரே ஒரு வாட்டி இப்படி நின்னு பாத்துரோணும்" என்று கலாமணி சொன்னாள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவருக்கு அது மனதில் தங்கிவிட்டது.

மகள் கல்லூரி விடுதியில் சேர்ந்ததும் விசாரிக்கத் தொடங்கினார். எந்த மாதத்தில் எந்தக் கரையில் அலை சிறியது, புதிதாகக் கற்பவர்களுக்கு எந்த போர்டு ஏற்றது, கொழும்பிலிருந்து எந்த பஸ் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்ட இடமெல்லாம் ஒரு பெயர் வந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகங்குடாவில் அலைச்சறுக்கு சொல்லிக் கொடுக்கும் தவராசா.

போனில் தவராசா அதிகம் பேசவில்லை.

"ரெண்டு பேருக்கும் நீந்தத் தெரியுமா?"

இருவருக்கும் தெரியாது. தெரியாது என்றால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று ஈஸ்வரமூர்த்தி பயந்தார். அதோடு, ஊரெல்லாம் கிணறு இருக்கும் சீமையில் பிறந்த ஆண்பிள்ளை. முகம் தெரியாத ஒருவரிடம் அதை எப்படிச் சொல்வது?

"தெரியுமுங்க மாஸ்டர். ரெண்டு பேருக்கும் நல்லாவே தெரியும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கலாமணி கேட்டாள்.

"ஏனுங்க, நமக்கு நீச்சல் தெரியாதே?"

"இடுப்பளவுத் தண்ணிதான். நீச்சலெல்லாம் தேவையில்லைன்னு மாஸ்டரே சொல்லிட்டாரு."

அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

அறுகங்குடாவில் போய் இறங்கி நேரில் பார்த்தபோது, தவராசா அவர்களைவிடச் சில வயது இளையவராக இருந்தார். முதல் நாள் காலையில் மணலில் போர்டை வைத்து, படுக்கவும் எழவும் பழக்கினார். பிறகு தண்ணீருக்குள் அழைத்துப் போனார். இருவருக்கும் நீந்தத் தெரியும் என்று நம்பியதால், புதியவர்களை வழக்கமாக நிறுத்தும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே கூட்டிப் போனார்.

பெரிய அலை ஒன்றும் வரவில்லை. சாதாரண அலைதான். கலாமணி போர்டிலிருந்து சரிந்தாள். கால் வைத்த இடத்தில் மணல் இல்லை. காலோடு கயிற்றால் கட்டியிருந்த போர்டை அலை ஒரு பக்கம் இழுக்க, அவள் தலை தண்ணீருக்குள் போனது. ஒரு கை மட்டும் மேலே வந்து போனது.

ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில்தான், கால் எட்டும் இடத்தில் நின்றார். அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் தன் போர்டை இறுகப் பிடித்திருந்தன. அவர் நகரவில்லை.

தவராசா பாய்ந்து அவளை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்.

கலாமணி மணலில் குப்புறக் கிடந்து இருமினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கணவரின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பேச்சு வந்ததும் தவராசாவைப் பார்த்துக் கேட்டாள்.

"நீச்சலே தேவையில்லைன்னு சொன்னீங்களாமே? இப்படியா ஒரு மனுசன் சொல்லுவாரு? ஒரு உசுரு போயிருந்தா?"

தவராசா ஈஸ்வரமூர்த்தியை ஒருமுறை பார்த்தார். ஈஸ்வரமூர்த்தி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் அக்கா" என்றார் தவராசா. "என்ட பிழைதான்."

தங்கியிருந்த விடுதியில் கலாமணி யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. அந்த ஆள் கவனமில்லாதவர், நீச்சல் தெரியாதவர்களை ஆழத்துக்குக் கூட்டிப் போகிறார் என்றாள். மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அடுத்த நாள் தவராசாவிடம் வகுப்புக்குப் போவதாக இருந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். விடுதிக்காரர், இனி வருகிறவர்களை வேறு ஆளிடம் அனுப்புவதாகச் சொன்னார்.

ஈஸ்வரமூர்த்தி எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பயத்தில் இருக்கிறார் என்று நினைத்து, கலாமணி அவருக்கு மோர் கலந்து கொடுத்தாள்.

மறுநாள் காலை கடற்கரைக்குத் தனியாகப் போனார். தவராசா போர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கற்க வந்தவர்கள் யாரும் இல்லை.

"அக்கா எப்படி இருக்கிறா?"

"நல்லா இருக்கா. உங்களைத்தான் திட்டிட்டு இருக்கா."

"திட்டுற அளவுக்கு மூச்சு வந்திட்டுது. நல்லம்."

ஈஸ்வரமூர்த்தி நின்றுகொண்டே இருந்தார்.

"மாஸ்டர், நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க? நான் சொன்னதை நம்பித்தானே கூட்டிட்டுப் போனீங்க? என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே."

"அக்கா அப்ப உங்கட கையைப் பிடிச்சிருந்தா. நான் உண்மையைச் சொல்லியிருந்தா விட்டிருப்பா. அதுக்குப் பிறகு அவ வேற யாரைப் பிடிப்பா?"

ஈஸ்வரமூர்த்தியால் தலை நிமிர முடியவில்லை.

"மதுரைக்காரங்க வர மாட்டாங்களாம்."

"தெரியும்."

"எம்மேல கோபம் வரலீங்களா?"

"வந்தது. இன்னும் போகல்ல."

"நான் என்ன செய்யட்டும் மாஸ்டர்?"

விடுதிப் பக்கமிருந்து கலாமணி வந்துகொண்டிருந்தாள்.

"உங்களை எங்கெல்லாம் தேடறது? இந்த ஆளுகிட்ட இன்னும் என்ன பேச்சு? வாங்க."

தவராசா ஒரு போர்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய் நின்றார். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டைக் கழுவினார்.

"கலா" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "அவரு கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"நீச்சல் தெரியுமான்னு போன்லயே கேட்டாரு. ரெண்டு பேருக்கும் தெரியும்னு நான்தான் சொன்னேன். தேவையில்லைன்னு அவரு சொல்லவே இல்லை."

கலாமணி அவரையே பார்த்தாள்.

"நேத்து அவரு தன் பிழைன்னு சொன்னப்ப?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"ராத்திரி எல்லார்த்துகிட்டயும் நான் சொன்னப்ப?"

"அப்பவும்."

"நான் தண்ணிக்குள்ள போனப்ப?"

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"பாத்துட்டுத்தான் இருந்தேன் கலா."

அவள் அழவில்லை. சத்தம் போடவும் இல்லை. அவரைத் தாண்டி நடந்து தவராசாவிடம் போனாள்.

"தம்பி, நான் ரொம்பப் பேசிட்டனுங்க."

"பரவாயில்ல அக்கா."

"பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். எல்லார்த்துகிட்டயும் போய் மாத்திச் சொல்லோணும்."

அவள் விடுதியை நோக்கி நடந்தாள். முந்தின நாள் அசதி இன்னும் போகவில்லை. மணலில் கால் புதையப் புதைய, நின்று நின்று போனாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி அதே இடத்தில் நின்றார். விடுதியில் இப்போது எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார்கள். மதுரைக் குடும்பமும் விடுதிக்காரரும் அங்கேதான் இருப்பார்கள்.

"கூடப் போகட்டுங்களா மாஸ்டர்?" என்று மெல்லக் கேட்டார். "இல்ல, அவ கோபம் கொஞ்சம் தணியட்டும்னு இங்கயே இருக்கட்டுங்களா?"

தவராசா போர்டைக் கீழே வைத்தார்.

"நேற்று தண்ணி ஆழம் எண்டு அசையாம நிண்டீங்க அண்ணன். இது மணல்தானே?"