புது ஆணைக்குப் பயிற்சி நாள்

அரசரின் இலவச மருத்துவசாலைகளில் வெகுகாலமாக ஒரே விதிதான். ஊர்த்தலைவர் முத்திரை குத்திய பித்தளை வில்லை கையில் இருந்தால் வைத்தியம். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஒருநாள் தலைநகரிலிருந்து புது ஆணை வந்தது. ‘நோயை முதலில் கேள், ஊரைப் பிறகு கேள்.’ அவ்வளவுதான்.

வைத்தியர்களுக்கு அதைக் கற்பிக்கும் பொறுப்பு அம்பலவாணர் தலையில் விழுந்தது. ஆற்றங்கரை மருத்துவசாலையின் தலைமை வைத்தியர் அவர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். ஒரு வரி ஆணைக்கு விளக்கம் சேர்த்தார், விளக்கத்துக்கு விளக்கம் சேர்த்தார், கடைசியில் ராகம் போட்டுப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்.

பிறகு தம் குரு பெருந்தேவி அம்மையைப் பார்க்கப் போனார். குருவுக்குச் சீடரைவிட வயது குறைவு. அதை இருவருமே பொருட்படுத்தியதில்லை.

“பயிற்சி நாளன்று நீங்கள் வரவேண்டும், அம்மா. யார் தேறினார்கள் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். தேறியவர்களை மற்ற ஊர்களுக்கு அனுப்பப் போகிறேன்.”

“ஆணை அவர்களுக்கு வந்துவிட்டதா?”

“தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.”

“விழித்திருக்கும்போது?”

குரு வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து அம்பலவாணர் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

பயிற்சி நாளும் வந்தது. நோயாளிகள் வந்து நடுவில் கூப்பிட்டால் பாடம் கெட்டுவிடும் அல்லவா? வாசற்காவலன் மூக்கனை அழைத்தார்.

“கதவைச் சாத்து. பாடம் முடிகிறவரை யாருக்கும் திறக்காதே.”

மண்டபத்தில் பாட்டு தொடங்கியது. அத்தனை வைத்தியர்களும் ஒரே குரலில் பாடினார்கள். குருவின் ஆசனம் மட்டும் காலியாக இருந்தது. வழியில் தாமதம் போலிருக்கிறது என்று அம்பலவாணர் நினைத்துக்கொண்டார்.

மூக்கன் வந்து தயங்கி நின்றான்.

“ஐயா, வாசல்ல ஒரு புள்ளத்தாச்சி வந்திருக்கு. வலி கண்டுடுச்சு போல.”

“பாடம் முடியட்டும்.”

பாட்டின் இரண்டாம் அடிக்குள் மறுபடியும் வந்தான்.

“ரொம்பத் துடிக்குதுங்க. வில்லை இருக்கான்னு கேட்டேன், இல்லையாம்.”

“வில்லை இல்லையென்றால் நாளைக்கு வரச் சொல்” என்றார் அம்பலவாணர், தாளம் போட்ட கையை நிறுத்தாமலே.

போன வேகத்தில் மூக்கன் திரும்பி வந்தான்.

“ஐயா, அந்தப் பொண்ணு தலையை மடியில வச்சுக்கிட்டு ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. உள்ள என்ன பாடம் நடக்குதுன்னு உங்ககிட்டயே கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

அம்பலவாணர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். “நோயை முதலில்…” என்றவர் அப்படியே நின்றார். மறுகணம் மேல்துண்டு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் வாசலுக்கு ஓடினார். தாழ்ப்பாளை அவரே இழுத்தார். இரண்டு கதவுகளையும் அவரே தள்ளித் திறந்தார்.

வெளியே புழுதியில் பெருந்தேவி அம்மை உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளை குறுக்கே கிடக்கிறது. ஒருத்தியின் கை போதாது” என்றார்.

அம்பலவாணர் மண்டபத்தைப் பார்த்துக் கத்தினார். பாட்டு பாதியில் அறுந்தது. வைத்தியர்கள் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். நாலு பேர் அவளைத் தூக்கினார்கள். ஒருவர் எண்ணெய் காய்ச்சினார், ஒருவர் வெந்நீர் போட்டார். குருவும் சீடரும் அவள் வயிற்றின் இரு பக்கமும் கைவைத்து, பிள்ளையை மெல்ல மெல்லத் திருப்பினார்கள். ஆணை என்ன சொல்கிறது என்று அப்போது யாருக்கும் நினைவில்லை.

வெயில் தாழ்ந்தபோது குழந்தை வீறிட்டு அழுதது.

“பொம்பளப் புள்ள! தாயும் புள்ளயும் சொகம்!” மூக்கன் ஆற்றுக்கு அக்கரைவரை கேட்கும்படி கூவினான்.

மருத்துவசாலையே ஆர்ப்பரித்தது. நரைத்த தலை வைத்தியர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அம்பலவாணர் அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

தாய் கண் திறந்ததும் அவள் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

“எந்த ஊரம்மா நீ?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் உப்பளமுங்க. எங்க ஊருக்குத் தலைவரே கெடையாது. வில்லைக்கு நான் எங்க போவேன்?”

அம்பலவாணர் தலை குனிந்தார். பிறகு எழுந்து குருவிடம் வந்தார்.

“அம்மா, பாட்டைக் கடைசிவரை ஒருவரும் பாடவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். இன்றைக்கு யார் தேறினார்கள்?”

பெருந்தேவி அம்மை வாசலைப் பார்த்தார். சந்தோஷத்தில் மூக்கன் கதவைச் சாத்த மறந்திருந்தான். காலையிலிருந்து மரத்தடியில் காத்துக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வைத்தியர் எதிரே போய், ஒரு கிழவரின் கையைப் பிடித்து, “எங்கே வலிக்குது, தாத்தா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“கதவு தேறிவிட்டது” என்றார் குரு. “மற்ற ஊர்களுக்கு அதை அனுப்புங்கள்.”