காற்று நின்ற அரைமணி நேரம்

டிவியில் வானிலை சொல்கிறவர்கள் தப்பாக எதையாவது சொன்னால் நாம் சிரித்துவிட்டு அடுத்த சானலுக்குப் போய்விடுவோம். பொன்னம்பலவாணனும் இருபத்திரண்டு வருஷமாக அப்படிச் சிரிக்க வைத்தவர்தான். ஊட்டியில் இருபது டிகிரி, வேலூரில் நாற்பது, ஆகவே வேலூரில் சரியாக இரண்டு மடங்கு சூடு என்று ஒருநாள் அடித்து விட்டார். சூட்டுக்கு அப்படி மடங்குக் கணக்கே கிடையாது. மேற்கிலிருந்து வருகிற காற்றை இன்னொரு நாள் மேற்கு நோக்கி அனுப்பி வைத்தார். யார் கேட்கப் போகிறார்கள்? கோட்டு எடுப்பாக இருந்தது, குரல் அதைவிட எடுப்பாக இருந்தது.

ஒரு தப்புக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் புயல். பகல் மூன்று மணிக்குக் கடலோரத்தில் காற்று சட்டென்று நின்றது. வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. வாணன் கையில் இருந்த அறிக்கை, புயலின் நடுப்பகுதி கடந்துகொண்டிருக்கிறது என்றுதான் சொன்னது. நடுப்பகுதியில் காற்று இருக்காது. அரைமணி நேரம் ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிட்டு, எதிர்ப்பக்கமிருந்து மறுபடி அடிக்கும். வானிலை சொல்லிப் பிழைக்கிற மனுஷனுக்கு இது தெரிய வேண்டாமா? அவர் நேரலையில் முகமெல்லாம் சிரிப்பாக, “புயல் கரையைக் கடந்துவிட்டது, இனி பயமில்லை, அவரவர் வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டார்.

கீழக்குப்பம் பள்ளிக்கூடத்தில் ஊரே ஒதுங்கியிருந்தது. கரண்ட் போனதில் மற்றவர்கள் போனெல்லாம் அணைந்து கிடந்தன. ஒரு மூலையில் அஞ்சலாட்சி தன் செல்போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த அவள் புருஷன் கலியமூர்த்தியும் பார்த்தான். படகை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். திரும்பி வரவில்லை.

சானல்காரர்கள் அன்று சாயங்காலமே அந்த வீடியோத் துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். எங்கே தேடினாலும் கிடைக்காது.

இரண்டு மாதம் கழித்து வாணன் மனசு கேட்காமல் கீழக்குப்பத்துக்குப் போனார். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தார். புயலுக்கு நடுவில் படகு பார்க்கப் போனவனுக்குக் கொழுப்பைத் தவிர வேறென்ன என்று அங்கே பேச்சு ஓடியது. டிவியில் சொன்னதைக் கேட்டுத்தான் போனார் என்று அவன் பெண்டாட்டி சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். விவரம் தெரிந்தவன் டிவியில் அப்படிச் சொல்வானா என்று கடைக்காரர் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். வாணன் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார். அஞ்சலாட்சியின் வீட்டு வாசல்வரை போக அவருக்குக் கால் வரவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஏக்கம். அந்தப் பெண் வாயால், “போகட்டும் விடுங்க” என்று ஒரு சொல் கேட்க வேண்டும். சாப்பிடும்போது, வண்டி ஓட்டும்போது, விளக்கு வெளிச்சத்தில் நின்று நாளைய மழையைச் சொல்லும்போதுகூட அந்தச் சொல்லுக்காகத்தான் காது கிடந்து ஏங்கியது.

கடைசியில் ஒரு மாத லீவு போட்டுவிட்டு, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆசிரமம் வைத்திருக்கும் ஞானாம்பாள் அம்மாவிடம் வந்து சேர்ந்தார். அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. வாணனுக்கு ஐம்பத்திரண்டு. அம்மா என்று கூப்பிட முதல் நாள் நாக்கு கொஞ்சம் தயங்கியது, பிறகு பழகிவிட்டது.

ஒவ்வொரு நாள் காலையிலும் அம்மா முன்னால் உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொல்வார். அழுவார். அம்மா முழுவதையும் கேட்பார். கேட்டு முடித்ததும், சரி, போய்ச் சாப்பிடுங்கள் என்பார். சொன்ன அன்றைக்கு மனசு லேசாக இருக்கும். மறுநாள் விடிந்தால் பழையபடி கனக்கும். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

“இது எப்போ இறங்கும்மா?” என்று கேட்டார். அம்மா அன்றைக்கும் சாப்பிடத்தான் அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள், அம்மா பேசுவார். அந்த வாரம் அறுபது பேர் இருந்தார்கள். பேச்சு பணிவைப் பற்றிப் போனது. மழைத்துளியைப் பாருங்கள், அடியில் உருண்டு, தலை கூராகச் சிறுத்துத்தான் இறங்குகிறது, பணிவு உள்ளவர்கள் தலையும் அப்படித்தான் இருக்கும் என்றார் அம்மா. ஆகா என்று அறுபது பேரும் தலையாட்டினார்கள்.

வாணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் சானலிலும் மழைக்கு அந்தப் படம்தான் போடுவார்கள். அது தப்பு என்று ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அம்மாவை எதிர்த்துச் சபையில் எப்படிப் பேசுவது? வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அம்மாவே அவரைத் தனியாகக் கூப்பிட்டார். மடியில் முருங்கைக்கீரை. ஆய்ந்துகொண்டே பேசினார்.

“நேத்து நான் சொன்னது தப்பு, வாணன். சின்னத் துளி உருண்டையா இருக்கும். பெரிய துளி அடி தட்டையா, பன்னு மாதிரி இறங்கும். கூரெல்லாம் கிடையாது.”

“எனக்குத் தெரியும்மா.”

“உங்ககிட்ட ஒத்துக்கிட்டேன். இப்போ மனசு லேசாயிடுச்சு.”

வாணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மாவிடம் கோபப்படுவோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

“என்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோஜனம்? கேட்டவங்க அறுபது பேர். அவங்க எல்லாம் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க லேசானா அவங்களுக்கு...”



அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பேச்சே அதுதான் என்று மட்டும் சொன்னார்.  வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

“டிவியில நின்னு, அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு சொன்னா, மறுநாள் என்னை அங்கே நிக்க விடமாட்டாங்கம்மா” என்றார் வாணன்.

“விடமாட்டாங்க.”

“இருபத்திரண்டு வருஷம். அந்த வெளிச்சத்தில நிக்கிறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

“அது எனக்குத் தெரியும்.”

வாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வேலையையும் விட முடியவில்லை. அந்தப் பெண்ணின் ஒரு சொல்லையும் விட முடியவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள முடியாதா என்று தவித்தார். கடைசியில் ஒரு வழி தோன்றியது.

“நான் நேரா கீழக்குப்பம் போறேம்மா. இந்தத் தடவை டீக்கடையோட திரும்ப மாட்டேன். அந்தம்மா கால்ல விழுந்து, சொன்னது நான்தான்னு ஒத்துக்கறேன். அது போதும்தானே?”

அம்மா கீரைக் காம்புகளைத் தட்டி ஒதுக்கினார். முதல்முறையாக வாணன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நீங்க சொன்னதைக் காதால கேட்டவங்க அந்த ஊர்லயே இப்போ அவங்க ஒருத்தர்தான். அதை நம்பாதவங்கதான் ஊர் முழுக்க இருக்காங்க. அவங்ககிட்ட போய் எதைச் சொல்லப் போறீங்க?”