விளக்குத் திரி கொண்டு கப்பல் அடைத்த அம்பலத்தாடியார்

நெடுங்கழிப்பட்டினத்துக்கு ஆற்றுவழியாக வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது மரமறுக்கும் ஆலையின் செங்கல் புகைபோக்கி. அடுத்தது சுங்கச்சாவடி வாசலில் நிற்கும் இரும்புப் பளுதூக்கி. அதையும் தாண்டினால் கரையோரம் வரிசையாக நிற்கும் மரக்கப்பல்கள். அந்தக் கப்பல்களின் அடிவயிற்றின் கீழ், சேற்றில் மல்லாந்து கிடந்து வேலை செய்தவர் அம்பலத்தாடியார். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் எண்ணெய் தோய்த்த பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்குவார். ஓர் இடுக்குக்கு இரண்டு திரி. பிறகு மேலே தார் போன்ற கீல் பூசுவார். கலப்பத்து என்று அதற்குப் பெயர். கப்பல் கட்டியவர்களின் பேச்சு வரும்போது அவர் பெயரை எவரும் சொன்னதில்லை.

கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சிவநாமம் சொல்வது அவர் வழக்கம். மாலையில் கை கழுவி, சுத்தமான பஞ்சில் தாமே ஒரு திரி திரித்து, ஆற்றங்கரையிலுள்ள துறைகாத்த ஈசருக்குக் கொண்டு கொடுப்பார். அங்கே எரியும் அணையா விளக்கில் நாள்தோறும் அவர் திரிதான் எரிந்தது. தச்சர்கள் விடுவார்களா? "என்ன ஓய், ஓட்டையை அடைக்கிறது பஞ்சா, பரமசிவனா?" என்பார்கள். "அவர் சொல்றாரு, பஞ்சு கேக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த அடி அடிப்பார்.

ஆடி மாதம் அவர் மனைவி தையல்நாயகி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லாத வீடு. சுடலையிலிருந்து திரும்பியவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மறுநாளே வேலைக்கு வந்தார். நாமம் வாயில் வந்தது, நெஞ்சில் ஒன்றும் வரவில்லை. சோறு சோறாக ருசிக்கவில்லை. சந்நிதியில் நின்றால் கல்லுக்கு எதிரே இன்னொரு கல் நிற்பதாகத் தோன்றியது. ஆனாலும் திரி கொடுப்பதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. நெஞ்சு நிறைந்திருக்கும்போது கும்பிடுவது யாருக்கும் கூடும். வெறும் நெஞ்சோடு ஐந்து மாதம் கும்பிட்டாரே, அதுதான் பெரிது.

மார்கழியில் வைத்திலிங்கம் முதலாளியின் கப்பல் முடிந்தது. பதினெட்டு மாலுமிகள் ஏறவேண்டிய கப்பல். உள்ளே தண்ணீர் நிரப்பி, வெளியே எங்காவது கசிகிறதா என்று பார்த்தார்கள். சொட்டுக்கூடக் கசியவில்லை. மிஞ்சிய பஞ்சை அக்கரைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, கப்பலை ஆற்றில் இறக்க நாள் குறித்தார்கள்.

அன்று காலையிலேயே திரியோடு கோயிலுக்கு வந்தார் அம்பலத்தாடியார். குருக்கள் அதை விளக்கில் இட்டுவிட்டு, மாடத்திலிருந்து பஞ்சுச் சுருள் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"நேத்து மாடத்தைத் துடைச்சப்போ கெடச்சது ஓய். தையல்நாயகி போன மறுநாள் நீர் வச்சுட்டுப் போனது. இத்தனை எதுக்குன்னு அன்னிக்கே கேட்டேன். நீர் பாட்டுக்குப் போயிட்டீர்."

சுருளைக் கையில் வாங்கியதும் அவருக்கு விளங்கிவிட்டது. அது விளக்குக்குத் திரித்ததன்று. கப்பலின் பின்புறம், நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள இடுக்குக்குத் திரித்த இரண்டாம் திரி. அன்று அதை நினைவில்லாமல் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒற்றைத் திரியின்மேலேயே கீல் பூசியிருக்கிறார். நின்ற இடத்தில் கீல் தாங்கும். கடலில் அலை மோதிப் பலகை அசைந்தால் தாங்காது.

குருக்கள் சுருளோடு பின்தொடர, பூசை நடந்துகொண்டிருந்த துறைக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

"மொதலாளி, தப்புப் பண்ணிட்டேன். பின்னால ஒரு எடுக்குல ஒத்தத் திரிதான் இருக்கு. எறக்காதீங்க."

"தண்ணி ரொப்பிப் பாத்தாச்சு. பொண்டாட்டி போனதுலேர்ந்து உனக்குப் புத்தி சரியில்ல. தள்ளிப் போய்யா!" என்றார் வைத்திலிங்கம். தச்சர்கள் சிரித்தார்கள்.

தேங்காய் உடைந்தது. முட்டுக்கட்டைகளைத் தட்டிவிட்டு, இருநூறு பேர் வடம் பிடித்தார்கள். கப்பல் அசையவில்லை. சறுக்குமரத்தில் இன்னும் கொழுப்புத் தடவி இழுத்தார்கள். வடம்தான் அறுந்தது. கடலேற்றத்தில் ஆற்றில் ஏறியிருந்த வெள்ளம் வடிய அரைமணி நேரமே இருந்தது. முதலாளியின் முகம் வெளுத்தது.

"அம்பலத்தாடி, அந்த எடுக்கப் பிரிச்சுக் காட்டு" என்றார்.

கீலைச் சுரண்டினார். உள்ளே ஒற்றைத் திரிதான் இருந்தது. இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. குருக்கள் கொண்டுவந்த சுருளை எண்ணெயில் தோய்த்து, நாமம் சொல்லி அடித்து இறக்கினார். கடைசியில் விரலளவு போதவில்லை. கோயில் மாடத்திலேயே கொஞ்சம் எலி அரித்திருக்க வேண்டும். அக்கரை போய்ப் பஞ்சு வாங்கி வர நேரமில்லை.

"சாமி, காலைல நான் குடுத்த திரி வெளக்குல இருக்குல்ல, அதக் கொண்டாங்க" என்றார் குருக்களிடம்.

"அணையா விளக்கு ஓய்! பாவம் வந்து சேரும்."

"எனக்கே வரட்டும் சாமி. பதினெட்டுப் பேரு ஏறுறாங்க."

குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு திரியை எடுத்து வந்தார். நுனியில் சூடு ஆறாமல் இருந்த அந்தத் திரியை அம்பலத்தாடியார் இடுக்கில் வைத்து அடித்தார். அதன்மேல் கீலும் பூசினார். அவர் அப்பால் நகர்ந்து நின்றதும், எவரும் வடத்தைத் தொடுமுன் கப்பல் தானே வழுக்கிப் போய் ஆற்றில் மிதந்தது. ஊரே கூவியது. அவருக்கு மகிழ்ச்சியும் வரவில்லை. உளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில், வாழ்நாளில் முதல் தடவையாக வெறுங்கையோடு கோயிலுக்குப் போனார். பஞ்சு இல்லை. அணைத்துவிட்ட விளக்குக்கு என்ன பதில் சொல்வது என்று தலைகுனிந்தே படியேறினார். வாசலில் நின்ற குருக்கள் உள்ளே கை காட்டினார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அகலில் எண்ணெய் மட்டுமே இருந்தது, திரி இல்லை.

அம்பலத்தாடியார் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு, "தையலு" என்று மனைவியின் பெயரைச் சொன்னார். ஐந்து மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. சந்நிதியில் விழுந்து, குழந்தையைப் போல் அழுதார். குருக்கள் ஈசர் திருமேனியிலிருந்த பரிவட்டத்தை எடுத்து வந்து, கீல் படிந்த அந்தத் தலையில் கட்டினார்.

கப்பலுக்காகக் கடவுளின் விளக்குத் திரியையே கேட்டு வாங்கிய அம்பலத்தாடியாரின் கைகளை நாமும் வணங்குவோம்.