பித்தளை மைனா கேட்ட சாட்சி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கப்பல்கள் காற்றை மட்டும் நம்பி வந்துபோன நாளில், சங்குத்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. பெரியவங்களும் கேளுங்க, சின்னவங்களும் கேளுங்க. நடுவில் குழம்பினால் பயப்படாதீங்க. சொல்கிற எனக்கும் அந்த இடத்தில்தான் குழம்பும்.

சங்குத்துறைக்கு துரைமார் கப்பல் வரும். துரைமார் பேசுவது ராஜாவுக்குப் புரியாது, ராஜா பேசுவது துரைமாருக்குப் புரியாது. மிளகு கேட்டால் மிளகாய் போகும். பாய் கேட்டால் பாயசம் போகும். ராஜா தண்டோரா போட்டுவிட்டார்: "இங்கிலீஷ் தெரிந்தவர் யாராக இருந்தாலும் வாருங்கள்! அரண்மனையில் துபாஷி வேலை! அவர்கள் பேச்சை எனக்கும், என் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும்!"

உப்பளத்தில் வேலை பார்த்த அய்யாக்குட்டிக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஒரு கப்பல்காரனிடம் கூடை நிறையக் கருவாட்டைக் கொடுத்து, ஒரு பித்தளை மைனாவை வாங்கி வந்தான். அது பேசும் மைனா. தினமும் காலையில் பாடம் சொல்லும்.

"ஐ கோ! ஐ ஆம் கோயிங்! ஐ வென்ட்! ஐ வில் கோ!"

அய்யாக்குட்டியும் கூடவே கத்துவான். அவன் பெண்சாதி பேச்சியம்மா மாவாட்டிக்கொண்டே கேட்பாள்.

"ஏங்க, ஒரு போறதுக்கு எதுக்கு இத்தனை போறது?"

"இதெல்லாம் காலம், புள்ள. உனக்குப் புரியாது."

"உங்களுக்குப் புரியுதா?"

"புரியலதான். ஆனா வாய்ல வருதுல்ல?"

ஒரு வெள்ளிக்கிழமை, தலைப்பாகை கட்டி, புதுச் செருப்பு போட்டு, அரண்மனைக்குக் கிளம்பினான். பேச்சியம்மா வாசல்வரை வந்தாள்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க."

"துபாஷி பொண்டாட்டி பேசுற பேச்சா இது? இங்கிலீஷ்ல அப்படியெல்லாம் கிடையாது. இப்ப பாரு." நெஞ்சை நிமிர்த்தி, மைனாவைப் பார்த்துச் சொன்னான்: "ஐ ஆம் கோயிங்!"

மைனாவின் கண் சிவந்தது. "சொன்னாய்! சொன்னபடி நடக்கும்!"

அய்யாக்குட்டி போனான். அரண்மனை வந்தது, நிற்காமல் போனான். சந்தை வந்தது, நிற்காமல் போனான். ராஜ்யத்தையே ஒரு சுற்றுச் சுற்றித் தன் வீட்டு வாசலுக்கு வந்தான். அங்கேயும் நிற்கவில்லை!

"ஏங்க, நில்லுங்க!"

"நிக்க முடியல புள்ள! கால் என் பேச்சக் கேக்கல!"

மூன்று நாள் நடந்தான். பேச்சியம்மா கூடவே ஓடி ஓடிக் கஞ்சி ஊட்டினாள். வாயில் பாதி, தலைப்பாகையில் பாதி. செருப்பு தேய்ந்தது, பாதம் கொப்பளித்தது. இன்னும் ரெண்டு நாள் போனால் மனுஷன் பிழைக்கமாட்டான் என்று தெரிந்துபோனது. பேச்சியம்மா மைனாமுன் வந்து நின்றாள்.

"என் புருஷனை என்ன செஞ்ச?"

"நான் சூனிய மைனா, அம்மணி," என்றது அது. "பாடம் ஒப்பித்தால் கணக்கில்லை. என்னைப் பார்த்து அந்த மொழியில் தானாக எதைச் சொன்னாலும் நடக்கும். ஆசையைப் பார்க்கமாட்டேன். அழுகையைப் பார்க்கமாட்டேன். காலத்தை மட்டும் பார்ப்பேன். கோயிங் என்றால் போய்க்கொண்டே இருப்பது. 'இங்'கில் முடிவு கிடையாது."

பேச்சியம்மா யோசித்தாள். வில்லங்கமே அந்த 'இங்'கில்தானே? அதைக் கழற்றிவிட்டால்? மாவாட்டும்போது காதில் விழுந்ததை எல்லாம் கூட்டிச் சேர்த்துச் சொன்னாள்: "ஹி கோஸ்!"

"சொன்னாய்! சொன்னபடி நடக்கும்!"

அய்யாக்குட்டி நின்றான். வீட்டுக்கு வந்தான், கஞ்சி குடித்தான், படுத்தான். அப்பாடா என்றாள். விடிந்தது, சேவல் கூவியது. படுத்திருந்தவன் துள்ளி எழுந்து மறுபடி ராஜ்யத்தைச் சுற்றக் கிளம்பிவிட்டான்! மறுநாளும் அப்படியே.

"கோஸ் என்றால் தினமும் போகிறவன்," என்றது மைனா. "பொழுது விடிந்தால் போவான்."

பேச்சியம்மாவுக்குத் தலை சுற்றியது. போய்க்கொண்டிருப்பதும் வேண்டாம், தினமும் போவதும் வேண்டாம். போன காரியம் முடிந்தால் போதும்! தெருமுனையில் அவன் தலை தெரிந்ததும் சொன்னாள்: "ஹி வென்ட்!"

"சொன்னாய்! சொன்னபடி நடக்கும்!"

ஊதிய விளக்குப்போல அய்யாக்குட்டி மறைந்துபோனான். தெருவில் ஒரு தலைப்பாகை மட்டும் கிடந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லக்கனி ஓடி வந்தாள். "ஐயோ பேச்சி! உன் வீட்டுக்காரர் போயிட்டாராமே!" என்று மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினாள்.

பேச்சியம்மா அந்தக் கையைப் பிடித்துவிட்டாள். "போயிட்டார்னு சொல்லாதீங்க, மதினி! போனார். போனார், அவ்வளவுதான்!"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? போனவரு திரும்பி வருவாரு. போயிட்டவரு வருவாரா? ஒரு 'ட்டு'லதான் என் தாலியே இருக்கு!"

செல்லக்கனி குழம்பிப்போய்க் கையை இறக்கினாள்.

பேச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மைனாவிடம் வந்தாள். இனிமேல் 'கோ' பக்கமே போகக்கூடாது. 'கம்'தான். "ஹி வில் கம்!"

"சொன்னாய்! சொன்னபடி நடக்கும்!"

சரக், சரக், சரக். வாசலில் செருப்புச் சத்தம்! ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மூடினாள். சரக், சரக். திறந்தாள். யாரும் இல்லை.

"வருவான், அம்மணி," என்றது மைனா.

"எப்போ?"

"வருவான். 'வில்'லில் நாள் கிடையாது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சோறு வடித்து இலை போட்டிருந்தாள், ஆவி பறந்துகொண்டிருந்தது. வெளியே சரக், சரக். கடைசியில் கேட்டாள், "வந்து சேர்ந்ததைச் சொல்ல உன் மொழியில என்னதான் இருக்கு?"

"இரண்டு இருக்கிறது. கேம் என்றால் வந்தான். வந்தவன் இருக்கிறானா, திரும்பிப் போனானா, அது என் பொறுப்பில்லை. ஹாஸ் கம் என்றால், வந்தான். வந்தவன் இன்னும் இங்கேயே இருக்கிறான்."

பேச்சியம்மா துள்ளி எழுந்தாள். "அட மைனாவே, இது எங்க 'ட்டு' ஆச்சே! வந்தார், வந்துட்டார்! இதுக்கா என்னை இந்தச் சுத்து சுத்த வச்ச?" மைனாவின் மூக்குக்கு நேரே நின்று சொன்னாள்: "ஹி ஹாஸ் கம்!"

மைனா கண்ணை உருட்டியது. "எங்கே வந்திருக்கிறான்? இலைமுன்னால் ஆள் இல்லையே! அவன் போனதை நீ கண்ணால் பார்த்தாய், அதனால் வென்ட்டுக்கு நான் சாட்சி கேட்கவில்லை. ஹாஸ் என்றால் சாட்சி வேண்டும். கொண்டு வா!"

பேச்சியம்மா ஒரு நிமிஷம் செருப்புச் சத்தத்தைக் கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. வாசல் பக்கம் திரும்பி, தினமும் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"ஏங்க! சோறு ஆறுது!"

கதவுக்கு வெளியே இருந்து அய்யாக்குட்டி குரல் தினமும் சொல்வதைச் சொன்னது: "இதோ வந்துட்டேன்!"

மைனாவின் கழுத்து மூன்று சுற்றுச் சுற்றியது. "வந்துட்டேன் என்கிறான். ஆனால் வரவில்லை. வரவில்லை, ஆனால் வந்துவிட்டான். அம்மணி, இது எந்தக் காலம்?"

"இது எங்க ஊர்க் காலம். தலைக்கு எண்ணெய் தேய்ச்சிக்கிட்டு இருப்பாங்க, கூப்பிட்டா வந்துட்டேம்பாங்க. ஒத்தச் செருப்பத் தேடிக்கிட்டு இருப்பாங்க, அப்பவும் வந்துட்டேம்பாங்க. அவரே வந்துட்டேங்கிறாரு. அதுக்கு மேல சாட்சி ஏது?"

"சொன்னாய்! சொன்னபடி... நடக்கும்... நடக்கிறது... நடந்துவிட்டது!"

மைனா படீரென்று வெடித்தது. கதவு திறந்தது. அய்யாக்குட்டி உள்ளே வந்து, இலைமுன்னால் உட்கார்ந்து, "ரசம் இல்லையா?" என்று கேட்டான். பேச்சியம்மா அழுதாளா சிரித்தாளா என்று என்னைக் கேட்காதீங்க. ரெண்டும்தான்.

பித்தளைச் சில்லுகளுக்கு நடுவே ஒரு கிழத் துரை நின்றுகொண்டிருந்தார். "சூனியக்காரன் நான்தான்," என்றார். "நாற்பது வருஷம் முன்னால், என் மனைவியிடம் ஐ வில் கம் என்று சொல்லிக் கப்பல் ஏறினேன். திரும்பிப் போகவில்லை. என் சூனியம் என்னையே பிடித்து இந்த மைனாவுக்குள் அடைத்துவிட்டது. நாள் கிடையாத அந்த வில்லில் இருந்து இன்றைக்குத்தான் விடுபட்டேன். அம்மணி, நான் போறேன்..."

"ஐயையோ!" புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து அலறினார்கள். "போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க!"

துரை தலையாட்டிக்கொண்டார், கஷ்டப்பட்டு நாக்கைப் புரட்டினார். "போயிட்டு... வந்தேன்!"

அவர் தாடியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பித்தளைத் துணுக்கு மின்னியது. கண் மூடித் திறப்பதற்குள் துரையைக் காணோம். இன்னொரு தடவை மூடித் திறப்பதற்குள், அதே இடத்தில் திரும்ப நின்றார்! பக்கத்தில் ஒரு நரைத்த தலைத் துரைசானி. ஒரு கையில் ஆப்பிள் கூடை, இன்னொரு கையில் துரையின் காது. வாய் ஓயவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றான் அய்யாக்குட்டி.

"திட்டிக்கொண்டிருக்கிறாள்," என்றார் துரை. கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "இங்! இதில் முடிவு கிடையாது!"

துபாஷி வேலை யாருக்குப் போச்சு என்று கேட்கிறீங்களா? பேச்சியம்மாவுக்குத்தான். அவள் மாற்றிச் சொன்ன நாளிலிருந்து மிளகு கேட்டால் மிளகே போனது. அய்யாக்குட்டி திரும்ப உப்பளத்துக்கே போனான். அவன் தெருவில் வரும்போதே "இதோ வந்துட்டேன்!" என்று குரல் கொடுப்பான். அவள் எட்டிப் பார்த்து, ரெண்டு காலும் வாசற்படிக்கு உள்ளே வந்த பிறகுதான், "ம், வந்துட்டீங்க" என்பாள்.

கதை முடிகிறதா, முடிந்ததா, முடிந்துவிட்டதா? நீங்களே சொல்லுங்க. பக்கத்தில் பித்தளையில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்க.