நாழிக்கு எட்டு நாழி

காசு புழக்கத்துக்கு வராத காலம் அது, நல்லவர்களே. ஒரு கடற்கரை ஊரில் பேராச்சி என்றொருத்தி உப்பளம் வைத்திருந்தாள். அங்கே நாழி நெல்லுக்கு நாழி உப்பு. ராஜா வீட்டுக்கும் அதே அளவுதான், ஏழை வீட்டுக்கும் அதே அளவுதான்.

உப்புப் பாத்தியின் தரை லேசில் அமையாது. மழைக்காலம் முடிந்ததும் ஊரே இறங்கி, ஒரு மாதம் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஒரு வருஷம் விட்டால் தரை இளகும். மூன்று வருஷம் விட்டால் வெறும் சேறு.

ஒருநாள் வெளிதேசத்துக் கப்பல் வந்தது. நாழி நெல்லுக்கு இரண்டு நாழி உப்பு அளந்தான் வணிகன். ஊர் வாயைப் பிளந்தது.

பேராச்சி கேட்டாள்: "ஏன் ஐயா, உங்க ஊர்ல உப்பு என்ன விலை?"

"நாழிக்கு நாழிதான், தாயே" என்று சிரித்தான் அவன்.

பேராச்சி அன்றே வீடு வீடாகப் போனாள். "சொந்த ஊர்க்காரனுக்குக் காட்டாத தாராளத்த நம்மகிட்ட ஏன் காட்டுறான்? யோசிச்சுப் பாருங்கய்யா. பாத்தி மிதிக்க வாங்க."

"உன் உப்பு விலை போகலைன்னு உனக்கு வயித்தெரிச்சல்" என்றார்கள். மலிவு என்று வந்துவிட்டால் மனிதனுக்குக் காது கேட்காதே!

ஒற்றை ஆளாக மிதித்தாள். பாதம் வெடித்ததுதான் மிச்சம். அடுத்த வருஷம் கப்பல்காரன் நான்கு நாழி அளந்தான். அதற்கடுத்த வருஷம் எட்டு நாழி அளந்தான். பிடித்த மீன் கெட்டுப்போகிறதே என்று பேராச்சியும் அந்த உப்பைத்தான் வாங்கினாள். வாங்கிவிட்டு வாய்விட்டு அழுதாள், பாவம்.

நான்காம் வருஷமும் கப்பல் வந்தது. "ஒரு நாழி உப்பு வேணுமா? எட்டு நாழி நெல் கொண்டா" என்றான் வணிகன்.

ஊர் அடித்துப் பிடித்து உப்பளத்துக்கு ஓடியது. பேராச்சிதான் முதலில் இறங்கினாள். முழங்கால்வரை புதைந்தாள்.

"எத்தனை நாள் மிதிக்கணும் ஆத்தா?"

"நாளா? மூணு வருஷம் மிதிக்கணும்யா."

ஊரார் நெல் எடுக்க வீட்டுக்குத் திரும்பினார்கள்.

பேராச்சி வீட்டில் மிச்சமிருந்ததே எட்டு நாழி நெல். அதைக் கப்பலடியில் கொட்டிவிட்டுக் கேட்டாள்: "இப்போ உங்க ஊர்ல என்ன விலை?"

"நாழிக்கு நாழிதான், தாயே."

அன்று அவள் வீட்டில் உப்பு இருந்தது. உலையில் போட அரிசி இல்லை.

தன் ஊரில் விற்பதைவிட மலிவாக ஒருவன் நம் ஊரில் விற்றால், குறைத்த விலையைப் பின்னாளில் நம் பிழைப்பிலிருந்து எடுத்துக்கொள்வான்.