காத்தாயியின் மூக்கும் காந்தாரி மிளகாயும்

மலையடிவாரக் காட்டில் காத்தாயி என்றொரு கரடி இருந்தாள். அவள் முதுகில் எந்நேரமும் அவளுடைய குட்டி சவாரி செய்யும். அம்மாவின் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு காடு முழுவதையும் அங்கிருந்தே பார்க்கும்.

கரடிக்குக் கண் மங்கல், மூக்குதான் எல்லாம். மண்ணுக்கு அடியில் கறையான் ஊர்ந்தாலும் காத்தாயி மோப்பம் பிடித்துவிடுவாள். புற்றைப் பெயர்ப்பாள், புழுதியை ஊதித் தள்ளுவாள், உதட்டைக் குவித்து சர்ரென்று உறிஞ்சுவாள். அந்தச் சத்தத்துக்கு அடுத்த மேட்டில் மேயும் மான்கூடத் தலை தூக்கும்!

அந்த வருட ஐப்பசி மழையில் அவளுக்குச் சளி பிடித்தது. மூக்கு இறுக அடைத்துக்கொண்டது. புற்றின் மேலேயே நின்றாலும் உள்ளே கறையான் இருக்கிறதா, பாம்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. கண்ட இடத்தில் எல்லாம் தோண்டினாள். வெறும் மண்தான் வந்தது. இரை இல்லாமல் மடியில் பாலும் வற்றியது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் முதுகில் துவண்டு கிடந்தது.

அத்தி மரத்தில் சடையன் என்ற குரங்கு உட்கார்ந்திருந்தான். யாரையாவது கேலி செய்யாவிட்டால் அவனுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

"என்ன காத்தாயி, கிழங்கு நடப்போறியா? காடு பூரா குழி வெட்டி வச்சிருக்கே!"

காத்தாயிக்கு அழுகை வந்தது. குட்டியைச் சுமந்துகொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள்.

"அக்கா! கரடியக்கா! இங்கே வாங்க!" என்று ஓடைக்கரையிலிருந்து ஒரு குரல். பவளன் என்ற கிளிதான். அவன் ஒரு காந்தாரி மிளகாய்ச் செடியில் தொங்கிக்கொண்டிருந்தான். செடி முழுக்கச் சின்னச் சின்னப் பழங்கள் வானத்தைப் பார்த்துச் சிவப்பாக நின்றன.

"இதுல ஒண்ணே ஒண்ணு மென்னு பாருங்கக்கா. அடைச்ச மூக்கு திறந்துக்கும்னு மனுஷங்க பேசிக்கிட்டுப் போனதைக் கேட்டேன்!"

"இத்தனூண்டு பழமா?"

"மென்னுதான் பாருங்களேன்!"

காத்தாயி ஒரு பழத்தை நாக்கால் இழுத்து மென்றாள்.

"ஐயோ!"

நாக்கில் தீ பிடித்தது. காது சுட்டது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மூக்கு ஓடையாக ஒழுகியது. பிறகு ஒரு தும்மல் வந்தது பாருங்கள்! மரக்கிளையில் தங்கியிருந்த மழையெல்லாம் உதிர்ந்தது. பவளன் பயந்து பறந்தே போனான்.

அடுத்த மூச்சை இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காடு மூக்குக்குள் வந்துகொண்டிருந்தது! முதலில் நனைந்த சருகின் மணம். அதற்குப் பின்னால் பாறைப் பாசி. பிறகு, காலையில் இந்த வழியாகப் போன மானின் மணம். மண்ணின் குளிர்ச்சிக்கும் ஒரு மணம் இருந்தது. அத்தனைக்கும் அடியில், காலுக்குக் கீழே, ஈரக் களிமண்ணோடு கலந்து, கறையான்! இவ்வளவு பெரிய காட்டை இந்தச் சின்னப் பழம் எப்படித் திறந்துவிட்டது? கடுகளவு விதை நாலும் கொஞ்சம் சிவப்புத் தோலும் மட்டும்தானே அதில் இருந்தன!

அன்று அவள் வயிறு நிறைய உறிஞ்சினாள். சாயங்காலத்துக்குள் மடி கனத்தது. குட்டி கடைவாயில் பால் வழியக் குடித்துவிட்டு, குடித்த இடத்திலேயே தூங்கிப்போனது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் காற்று திரும்பியது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நூலிழை போல ஒரு மணம் வந்தது. தேன்! எந்தப் பாறையில், எந்த இடுக்கில் என்று பிடிபடுவதற்குள் அறுந்து போனது.

'ஒரு பழத்துக்கே ஒரு காடு திறந்ததென்றால், ஒரு செடிக்கு எத்தனை மலை திறக்கும்!' என்று காத்தாயி மலைத்தாள். நேராக ஓடைக்கரைக்குப் போய்க் குட்டியைக் கீழே இறக்கிவிட்டாள்.

சடையன் கிளைக்குக் கிளை தாவி இறங்கினான். "காத்தாயி, ஒண்ணோட நிறுத்திக்கோ! நான் ஒரு தடவை வாய் நிறையப் போட்டுக்கிட்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"

"உனக்குப் பொறாமை! நான் பசியில தோண்டினப்போ சிரிச்சவன்தானே நீ?"

"சிரிச்சது நிஜம். ஆனா இது சிரிக்கிற விஷயமில்ல!"

காத்தாயி அவன் பக்கம் திரும்பவே இல்லை. "பவளா, நீ எவ்வளவு தின்னே?" என்று செடியில் தொங்கிக்கொண்டிருந்த கிளியைக் கேட்டாள்.

"விடிஞ்சதுலேர்ந்து தின்னுக்கிட்டேதான்க்கா இருக்கேன்!"

"பார்த்தியா சடையா? என் காதளவுகூட இல்லாத கிளி! அதுக்கே ஒண்ணும் ஆகல!"

ஒரு கிளையை வாயில் கவ்வி அடியிலிருந்து நுனி வரை உருவினாள். பழமும் காயும் இலையுமாக மென்று விழுங்கினாள்.

மணம் எதுவும் வரவில்லை. நெருப்புதான் வந்தது. உதடு தடித்தது. தொண்டை எரிந்தது. ஓடைக்குள் விழுந்து தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தாள். தண்ணீர் அந்தத் தீயை அணைக்கவில்லை, வாயெங்கும் கொண்டுபோய்ப் பரப்பியது. வயிற்றை யாரோ உள்ளிருந்து பிறாண்டுவது போலிருந்தது. கரையேறி, சுருண்டு விழுந்து, குமட்டினாள்.

அம்மா மென்றதைக் கக்கி ஊட்டுவது கரடிகளின் வழக்கம். குட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா குமட்டுகிறாள் என்றதும் தனக்குத்தான் சோறு வருகிறது என்று ஆசையாக ஓடிவந்தது. அவள் தள்ளுவதற்குள் அவள் வாயை நக்கிவிட்டது.

அது போட்ட அலறலில் காடே நின்றது!

காத்தாயி பதறிப்போய்க் குட்டியைக் கவ்விக்கொண்டு மறுபடி ஓடைக்கு ஓடினாள்.

"தண்ணி வேணாம்!" என்று கத்திக்கொண்டே சடையன் குறுக்கே குதித்தான். "பால் குடு! எங்க குட்டிகளுக்கு அப்படித்தான் தணிஞ்சுது! பால் குடு, காத்தாயி!"

வயிறு எரிய எரிய அவள் படுத்து மடியைக் காட்டினாள். குட்டி விம்மிக்கொண்டே குடித்தது. விம்மல் குறைந்தது. பிறகு நின்றது. ஒரு ஓடை முழுக்கத் தண்ணீர் செய்யாததை ஒரு வாய்ப் பால் செய்துவிட்டதே என்று காத்தாயி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வயிறு மட்டும் லேசில் ஆறவில்லை. கறையானை நினைத்தாலே குமட்டியது. பால் மறுபடி சுண்டத் தொடங்கியது. சடையன்தான் காட்டு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து போட்டான். "மெதுவா தின்னு, குழி வெட்டி! குட்டிக்காகவாவது தின்னு!" அவள் தின்றாள். மடியில் இருந்த கொஞ்சப் பால் வற்றாமல் தங்கியது. தேன் மணம் காற்றில் வந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம் எழுந்து போக அவளால் முடியவில்லை.

எழுந்து நடக்க முடிந்ததும் பவளனைத் தேடிப் போனாள். அவன் அதே செடியில் தின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு எரியவே எரியாதாடா?"

பவளன் அலகை நிறுத்தினான். "எரியறதுன்னா என்னக்கா?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டான். அலகைத் திறந்து தன் குட்டி நாக்கைக் காட்டினான். மிளகாய் விதை ஒட்டிய அந்த நாக்கு சாதுவாக இருந்தது.

"அவன் நாக்குல அந்தத் தீ பத்திக்காது, காத்தாயி," என்றான் மேலே கிளையில் இருந்த சடையன். "உனக்கும் எனக்கும்தான் பத்திக்கும். அதான் அன்னைக்கே கத்தினேன்."

காத்தாயி செடியைப் பார்த்தாள். கிளிக்கு அது வெறும் பழம். அவளுக்கோ ஒன்று தின்றால் மருந்து, ஒரு கிளை தின்றால் தீ. எல்லாம் ஒரே செடியில், ஒரே சிவப்பில், வானத்தைப் பார்த்து நின்றன.

அடுத்தவர் எவ்வளவு தின்கிறார் என்று பார்த்துத் தின்னாமல், தன் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று அறிந்து தின்பவருக்கே காரம் மருந்தாகும்.