வாயில் அடக்கிய குன்றிமணி

மேற்கு மலையடிவாரத்துக் காடு ஒன்றில் நடந்த அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்கிறேன், குழந்தைகளே. முதலில், சிங்கம் ஆற்றுத் தண்ணீருக்கு வரி போட்டது. அடுத்து, வரி கட்டாதவர்கள் மர நிழலில் படுக்கக் கூடாது என்றது. மூன்றாவதாக, ஏன் என்று கேட்ட கிளியைக் காட்டைவிட்டே துரத்தியது. நான்காவது அநியாயம்தான் இந்தக் கதை.

அங்கே சிவப்புக் குன்றிமணிதான் பணம். நரி அதைக் கணக்கில் காட்டாமல் குகை நிறையப் பதுக்கியிருந்தது. குரங்கோ அதேபோல் சிவந்த கல்யாணமுருங்கை விதையில் சேராங்கொட்டைப் பாலால் கறுப்புப் பொட்டு வைத்துக் கள்ளமணி செய்தது. நரி அதை மலிவாக வாங்கி, தனக்குப் புல் அறுத்தவர்களுக்குக் கூலியோடு கலந்து கொடுத்தது. கூலியை நரியின் முன்னால் பிரித்துப் பார்ப்பது அவமரியாதை. தலை குனிந்து வாங்கிப் போவதுதான் அந்தக் காட்டு வழக்கம்.

ஒருநாள் சிங்கம் பாறைமேல் ஏறியது.

"இனிச் சிவப்பு மணி செல்லாது. ஆளுக்கு ஒரு பிடி மட்டும் கொடுத்து வெள்ளை மணி வாங்கிக்கொள்ளுங்கள். பதுக்கியவனும் கள்ளமணிக்காரனும் தாமாகச் சிக்குவார்கள். நரி மேற்பார்வை பார்க்கும்."

நரி புதருக்குப் பின்னால் முயலையும் பன்றியையும் இன்னும் பலரையும் அழைத்தது.

"என்னுடையதை ஆளுக்கு ஒரு பிடி மாற்றிக் கொடுங்கள். இரண்டு மணி உங்களுக்கு."

"யாராவது கேட்டால்?" என்றது முயல்.

"வாயில் அடக்கிக்கொள். பதில் சொல்லும் தொல்லையே இல்லை."

அந்த வழியாகச் சருகுமான் பூவாத்தாள் இலைப் பொட்டலத்தோடு வந்தாள்.

"நீயும் ஒரு பிடி எடுத்துக்கொள்ளம்மா" என்றது நரி.

"என் கூலி எனக்குப் போதும், ஐயா. குட்டிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கரடி வைத்தியர் சிவப்பு மணியைக் கையால் தொடமாட்டேன் என்கிறார்."

"ரோஷக்காரி. வரிசையில் போய் நில்லு, போ" என்று நரி சிரித்தது.

வெயில் ஏறியபோது பூவாத்தாளின் முறை வந்தது. மணி சோதிக்க உட்கார்ந்திருந்த மரங்கொத்தி அவளுடைய மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது.

"பாதி கள்ளமணி."

"நரி ஐயா கொடுத்த கூலி அது" என்றாள் பூவாத்தாள்.

"நானா? சாட்சி இருக்கிறதா?" என்றது நரி.

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.

"முயலண்ணே, பக்கத்தில் நின்று நீயும்தானே கூலி வாங்கினாய். சொல்லு."

வாயைத் திறந்தால் நரியின் மணிகள் சிங்கத்தின் காலடியில் கொட்டி, யாருடையவை என்ற கேள்வி வந்துவிடும். முயல் தரையைப் பார்த்தது.

"பன்றி மாமா, நீங்களாவது ஒரு வார்த்தை. குட்டி அங்கே கிடக்கிறான்."

பன்றி தாடையை இன்னும் இறுக்கிக்கொண்டது. வரிசை முழுவதும் வாய் நிறைந்து நின்றது.

சிங்கம் பொட்டலத்தைப் பறிமுதல் செய்தது. நரியின் குகையிலிருந்த சிவப்பெல்லாம் மாலைக்குள் வெள்ளையாகிவிட்டது.

பிறகு சிங்கம் எல்லோரையும் கூட்டி வைத்து, பிடிபட்ட குற்றவாளிகளின் பெயர்களை வாசிக்கும்படி காகத்திடம் சொன்னது. காகம் பாறைமேல் நின்று உரக்க வாசித்தது. ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"சருகுமான் பூவாத்தாள்."

நீதி: அநியாயக்காரனின் பொருளைக் கூலிக்கு வாயில் அடக்கியவன், கூடப் பாடுபட்டவளுக்குச் சாட்சி சொல்ல முடியாது.